பட்டையை நம்புமுன்: கண்டியின் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவ நண்பர்களே,

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, விஞ்ஞான, விவசாய, மிருக வைத்திய பீடங்களிலும், ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலும் கலங்களை வளர்த்து ஆராயும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் சிங்கள நண்பர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். விஷயம் ஒரு சின்னக் குப்பியைப் பற்றியது. உள்ளே இருப்பது நூறு மைக்ரோலீற்றர், இரண்டு துளிக்கு மேல் வராது. லேபலில் ‘பொஸ்பேட் ஏறிய பி38, திரியோனின் 180, டைரோசின் 182’ என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கலம் நெருக்கடியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியது அந்த இரண்டு துளிப் பிறபொருளெதிரிதான். ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம், சிலருக்குப் பட்டமே, அதை நம்பித்தான் இருக்கிறது. எப்போது அதை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

பி38 என்பது கலத்துக்குள் அபாயச் செய்தியைக் கடத்தும் புரதங்களில் ஒன்று. 1994இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜியாஹுவாய் ஹான், ரிச்சர்ட் உலெவிச் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பற்றீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடொக்சினும், கலத்தைச் சூழ்ந்த நீரில் உப்புச் செறிவு ஏறுவதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு தொல்லைகளும், ஒரே புரதத்தைத் தட்டி எழுப்புகின்றன என்று அதில் காட்டினார்கள். அதே ஆண்டில் அழற்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஸ்மித்கிளைன் பீச்சம் கொம்பனியின் ஆய்வாளர்கள், தங்கள் மருந்து கலத்தில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடி, இதே புரதத்தில் வந்து நின்றார்கள். வெப்பம், புற ஊதாக் கதிர், ஆசனிக்கு, அழற்சிச் செய்திகள் எல்லாம் இதை எழுப்பும் என்பது பின்னர் தெரிந்தது.

எழுவது என்றால் என்ன நடக்கிறது? புரதத்தின் அளவு கூடுவதில்லை. முன்பே இருக்கும் புரதத்தின் 180ஆம் இடத்துத் திரியோனினிலும் 182ஆம் இடத்து டைரோசினிலும் ஆளுக்கொரு பொஸ்பேட் ஏறுகிறது. ஏற்றுபவை எம்.கே.கே.3, எம்.கே.கே.6 என்ற இரண்டு நொதியங்கள். வேலை முடிந்ததும் வேறு நொதியங்கள் அந்தப் பொஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஏற்றமும் இறக்கமும் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும். இப்படிப் பொஸ்பேட்டை ஏற்றியும் இறக்கியும் கலம் தன் வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது என்று கண்டுபிடித்ததற்காகவே எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, உங்கள் குப்பியிலுள்ள பிறபொருளெதிரி பி38 என்ற புரதத்தைக் கண்டால் மட்டும் போதாது. பொஸ்பேட் ஏறிய பி38ஐப் பிடிக்கவேண்டும், ஏறாத பி38ஐ விட்டுவிடவேண்டும், பொஸ்பேட் ஏறிய அயல் புரதங்களையும் விட்டுவிடவேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வது எவ்வளவு கடினம் என்பது அதைத் தயாரிக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

அந்த இரண்டு இடங்களிலும் பொஸ்பேட் பொருத்திய ஒரு சிறு புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்வார்கள். அதைப் பெரிய புரதம் ஒன்றோடு கோத்து முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடல் பலவகைப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். பொஸ்பேட் உள்ள துண்டு ஒட்டிய நிரலில் சீரத்தைச் செலுத்தி வேண்டியவற்றைப் பிடித்து, பொஸ்பேட் இல்லாத துண்டு ஒட்டிய நிரலில் மறுபடி செலுத்தி வேண்டாதவற்றைக் கழித்துவிடுவார்கள். முயலுக்கு முயல் சீரம் மாறும், எனவே தொகுதிக்குத் தொகுதி குப்பியும் மாறும். ஒரே கல வரியிலிருந்து வரும் மொனோகுளோனல், மரபணுவையே வைத்துத் தயாரிக்கும் மீள்சேர்க்கை வகை ஆகியவற்றில் இந்த மாற்றம் குறைவு. ஆனாலும் அயல் புரதத்தில் ஒட்டும் ஆபத்து இவற்றுக்கும் உண்டு.

அந்த அயல் புரதங்கள் யார் என்று பாருங்கள். பி38க்கு இரண்டு நெருங்கிய உறவு, ஈ.ஆர்.கே.யும் ஜே.என்.கே.யும். மூன்றிலும் பொஸ்பேட் ஏறும் இடம் ஒரே அமைப்பு: ஒரு திரியோனின், நடுவில் ஓர் அமினோ அமிலம், பிறகு ஒரு டைரோசின். பி38இல் நடுவில் நிற்பது கிளைசின், ஜே.என்.கே.யில் புரோலின், ஈ.ஆர்.கே.யில் குளுட்டாமிக் அமிலம். அந்த டைரோசினுக்கு அடுத்துவரும் பத்து அமினோ அமிலங்கள் பி38 ஆல்பாவிலும் ஈ.ஆர்.கே.யிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கலச்சாற்றின் புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றிப் பிறபொருளெதிரியை ஊற்றினால், அது ஒட்டிய இடம்தான் பட்டையாகத் தெரியும். ஜெல்லில் ஓடும் தூரத்தை வைத்துப் பிரித்துவிடலாமே என்பீர்கள். பி38 ஏறத்தாழ 40 கிலோடால்டன் அருகே நிற்கும், ஈ.ஆர்.கே. 42இலும் 44இலும், ஜே.என்.கே. 46இலும் 54இலும். சின்ன ஜெல்லில் அவசரமாக ஓட்டினால் 40க்கும் 42க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மயிரிழை. ஈ.ஆர்.கே.யோ சீரம் ஊற்றினாலே எழுந்துவிடும் புரதம். நீங்கள் கலத்தின் நெருக்கடி என்று எழுதும் பட்டை, உண்மையில் புதிதாக ஊற்றிய, சீரம் கலந்த வளர்ப்பூடகத்தின் விளைவாக இருக்கலாம்.

பிறபொருளெதிரியின் குறித்தன்மை என்பது நமது நாட்டுக்குப் புத்தகச் சங்கதி இல்லை. பாம்புக்கடி விடுதியில் வேலை செய்யும் எந்த வைத்தியரையும் கேளுங்கள். நாம் பல்லாண்டுகளாக இறக்குமதி செய்யும் இந்திய விஷமுறிவு மருந்து, குதிரைகளில் தயாரிக்கும் பிறபொருளெதிரி. நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கு எதிராக, இந்தியாவில் பிடித்த பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. இலங்கையில் அதிகம் பேரைக் கடிப்பதோ சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா என்று சொல்லும் சிறு விரியன். தோட்டங்களிலும் வீட்டு முற்றத்து இலைச்சருகிலும் கிடக்கும் அந்தப் பாம்பின் விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நான்கு பாம்பு மருந்து அதற்கு வேலை செய்யாது. ஏற்றினால் பயன் இல்லை என்பதோடு நில்லாமல் ஒவ்வாமையால் உயிராபத்தும் வரலாம். குப்பியில் ‘பாம்பு விஷமுறிவு’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து எந்த வைத்தியரும் அதை ஏற்றமாட்டார். கடித்த பாம்பு எது என்று முதலில் கேட்பார். அந்தக் கேள்வியை ஆய்வுகூடத்தில் நாம் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இது நமக்கு மட்டுமான குறையும் இல்லை. 2015இல் ஆண்ட்ரூ பிராட்பரியும் அண்ட்ரியாஸ் புளூக்தூனும் மேலும் பல ஆய்வாளர்களின் ஒப்பத்தோடு ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, சரியாகச் சோதிக்கப்படாத பிறபொருளெதிரிகளால் உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 80 கோடி டொலர் வீணாகிறது என்று மதிப்பிட்டார்கள். மொன்றியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று, குறித்த மரபணுவை நீக்கிய கலங்களை வைத்து, 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 பிறபொருளெதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. சோதனையில் தோற்ற குப்பியைப் பயன்படுத்திய கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருந்தன. அவையெல்லாம் நடுவர்கள் படித்து, அச்சேறி, மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள். அதே ஆய்வில் நல்ல செய்தியும் உண்டு. பாதிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குச் சிறப்பாக வேலை செய்யும் குப்பி ஒன்றாவது சந்தையில் இருந்தது, மீள்சேர்க்கை வகை மற்றவற்றைவிட நன்றாகச் செய்தது. தேடி வாங்கினால் நல்லது கிடைக்கும்.

தேடி வாங்குவது நமக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஒரு குப்பி 400 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது 80,000 ரூபா. மே மாதம் 360 ஆனபோது 144,000 ரூபா. அந்த மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. ஆழ்குளிர்ப் பெட்டிகளைத் திறக்கவே பயந்த நாட்கள் அவை. அந்தப் பயத்தில் எல்லோரும் காக்க நினைத்தது விலை கூடிய குப்பியைத்தான். உண்மையில் கிளிசரோல் கலந்த பிறபொருளெதிரி கொஞ்சம் சூட்டைத் தாங்கும். மறை 20 பாகையிலும் அது உறைவதில்லை, சாதாரணக் குளிரூட்டியில் சில நாள் இருந்தாலும் பெரும்பாலும் கெட்டுப்போகாது. தாங்காதது உங்கள் கலச்சாறு. அது உருகினால் உள்ளே இருக்கும் பொஸ்பட்டேஸ் நொதியங்கள் விழித்து, நீங்கள் தேடும் பொஸ்பேட்டை உங்களுக்கு முன்பே கழற்றிவிடும். ஆகவே புரத அளவை அளந்து முடித்த கையோடு, எஸ்.டி.எஸ். கலந்த மாதிரிப் பஃபரில் போட்டுக் கொதிக்கவைத்துவிடுங்கள். நொதியங்கள் செத்துவிடும், பொஸ்பேட் நிற்கும், மின்சாரம் போனாலும் மாதிரி தப்பும். பணமே செலவாகாத பாதுகாப்பு இது.

இன்னொன்றையும் கிட்டப் போய்ப் பாருங்கள். 37 பாகையில் காபனீரொட்சைட்டுப் பெட்டிக்குள் இருந்த கலத் தட்டை வெளியே எடுத்து மேசையில் வைக்கிறீர்கள். தை மாதக் காலையில் கண்டியின் சீமெந்து மேசை எவ்வளவு குளிரும் என்று உங்கள் கைக்குத் தெரியும். தட்டின் அடி குளிர்கிறது. ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, குளிரூட்டியிலிருந்து வந்த பஃபரை விளிம்பால் ஊற்றாமல் நடுவில் ஊற்றுகிறீர்கள், கலங்களின் மேல் ஓர் அலை அடிக்கிறது. அடுத்த தட்டுக்குப் போகிறீர்கள், பிறகு அதற்கடுத்தது. ஆறாவது தட்டுக்கு வரும்போது முதல் தட்டுக்கும் அதற்கும் பல நிமிட வித்தியாசம். குளிரும் அலையும் காத்திருப்பும் பி38ஐ எழுப்பக் கூடியவை. எப்போதும் ‘மருந்தில்லா’த் தட்டை முதலிலும் ‘மருந்திட்ட’ தட்டைக் கடைசியிலும் எடுத்தால், உங்கள் கையே ஒரு முடிவை உருவாக்கிவிடும். தட்டுகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டு மாற்றுங்கள். மருந்தின் கரைப்பானை மட்டும் ஊற்றிய தட்டு ஒன்று, ஒன்றுமே ஊற்றாமல் அதே அளவு நேரம் கையாண்ட தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

சாறு எடுக்கும் பஃபரில் போடும் சோடியம் ஓதோவனடேற்றையும் கவனியுங்கள். டைரோசினிலிருந்து பொஸ்பேட்டைக் கழற்றும் நொதியங்களைத் தடுப்பது அதுதான். பி.எச். 10க்குக் கொண்டுவந்து கொதிக்கவைத்து, மஞ்சள் நிறம் போய்த் தண்ணீராகத் தெளிந்த பிறகே அது வேலை செய்யும். மஞ்சளாகவே ஊற்றினால் ஊற்றாதது போலத்தான். மென்சவ்வை மூடுவதற்குப் பால்மா பாவிப்பவர்கள், பாலின் கேசீனே பொஸ்பேட் ஏறிய புரதம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னணி கறுத்தால் மாட்டு அல்புமினுக்கு மாறிப் பாருங்கள்.

இனிப் பட்டையின் வாக்குமூலத்தைச் சோதிக்கும் வழிக்கு வருகிறேன். வரவேண்டிய இடத்தில் பட்டை வருகிறதா என்று முதலில் பாருங்கள். பி38ஐ எழுப்பும் அனிசோமைசினை வாங்க வசதியில்லை என்றால் சோர்பிட்டால் போதும், அதுவும் இல்லையென்றால் ஊடகத்தில் உப்பைக் கூட்டினாலே பி38 எழும். அரை மணிநேரத்துக்குள் பார்த்துவிடலாம். போகவேண்டிய இடத்தில் பட்டை போகிறதா என்பது அடுத்தது, பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான். அதே மாதிரியை இரண்டு நிரலில் ஓட்டி, சவ்வை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பொஸ்பட்டேஸ் நொதியத்தில் ஊறவையுங்கள். கன்றுக்குட்டிக் குடலிலிருந்து எடுக்கும் அந்த நொதியம் மரபணு வெட்டி ஒட்டும் ஆய்வுகூடங்களில் இருக்கும், கேட்டால் கொஞ்சம் தருவார்கள். ஊறிய பாதியில் பட்டை மறையவேண்டும். மறையாவிட்டால் உங்கள் குப்பி பொஸ்பேட்டைப் பார்க்கவில்லை, வேறெதையோ பார்க்கிறது. அன்றைக்கே அந்த அத்தியாயத்தை நிறுத்திவிட வேண்டும். மொத்தப் பி38க்கான பிறபொருளெதிரியையும் பக்கத்தில் ஓட்டுங்கள். பொஸ்பேட் ஏறிய ஈ.ஆர்.கே.க்கும் ஜே.என்.கே.க்கும் உரிய குப்பிகள் யாரிடமாவது இருந்தால் அதே மாதிரியில் ஒருமுறை பார்த்து, பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

எஸ்.பி.203580 என்ற தடுப்பானைப் போட்டுவிட்டு, பட்டை போகவில்லையே என்று கலங்குபவர்களும், அதனால் குப்பியைக் குறைசொல்பவர்களும் உண்டு. அந்தத் தடுப்பான் பி38 செய்யும் வேலையைத் தடுக்கிறது. பி38 மீது பொஸ்பேட் ஏறுவதை அது நேரடியாகத் தடுப்பதில்லை. பட்டை நிற்கலாம், சிலவேளை தடிக்கவும் செய்யலாம். தடுப்பான் வேலை செய்ததா என்று அறிய, பி38க்குக் கீழே இருக்கும் எம்.கே.2 அல்லது எச்.எஸ்.பி.27 மீது பொஸ்பேட் குறைந்ததா என்று பார்க்கவேண்டும்.

மூலிகைச் சாறுகளில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மலைநாட்டின் செடிகொடிகளில் மருந்து தேடுவது நல்ல வேலை, நாம்தான் செய்யவேண்டிய வேலை. ஆனால் மண்ணிலும் இலையிலும் பற்றீரியா இருக்கிறது, சாற்றோடு எண்டோடொக்சினும் சேர்ந்து வரும். 1994ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைத்துப் பாருங்கள், பி38ஐ எழுப்புவதாக முதலில் காட்டப்பட்டவற்றில் ஒன்று அந்த எண்டோடொக்சின்தான். மக்ரோபேஜ் கலத்தில் சாற்றை ஊற்றிப் பட்டை தடித்தால், அது செடியின் குணமா, செடியில் ஒட்டியிருந்த பற்றீரியாவின் குணமா என்று பிரித்துக் காட்டாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். 1990கள் முதல் மதவாச்சி, பதவிய, பிறகு கிராந்துருகோட்டை என்று உலர்வலய விவசாயிகளைக் கொன்றுவரும், காரணம் தெரியாத சிறுநீரக நோயை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து வரும் நோயாளிகளையும் மாதிரிகளையும் கண்டியும் பேராதனையும் நெடுங்காலமாகப் பார்த்துவருகின்றன. புளோரைட்டு, கட்மியம், கடினநீர், விவசாய இரசாயனம், வெயிலில் நீரிழப்பு என்று ஒவ்வொன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. இவற்றில் ஒவ்வொன்றையும் சிறுநீரகக் கலத்தில் ஊற்றிப் பி38ஐப் பார்க்கலாம். நீரிழப்பால் உப்புச் செறிவு ஏறுவதற்கும் இந்தப் புரதத்துக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே தெரிந்தது என்பதால் கேள்வியும் நியாயமானதே. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதிக் கலங்கள் நல்ல உடம்பிலும் உப்புச் செறிவில் வாழ்பவை. பட்டை தெரிந்தது என்பதற்கும் நோய்க்குக் காரணம் கிடைத்தது என்பதற்கும் இடையே பெருந்தூரம் இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பு அந்தத் தூரத்தை ஒரே நாளில் தாண்டிவிடும்.

தாண்டினால் யார் விலை கொடுப்பது? இந்த நோயின் பெயரால் 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. தடை சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இடைப்பட்ட காலத்தில் தேயிலைச் சரிவுகளில் கையால் களை எடுத்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். நோயின் காரணம் இன்னும் தெரியாமல் அல்லற்படுபவர்கள் உலர்வலய விவசாயிகள். நமது ஒரு படத்தின் பின்விளைவு ஆய்வுகூடத்துக்கு வெளியே, நம்மைவிட எளியவர்களின் தலையில் விழுகிறது.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘மூன்று மாதம் சோதித்தேன், இந்தக் குப்பி எங்கள் கலத்தில் நம்பத்தகுந்ததாக இல்லை’ என்று ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தால், அதை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதை ஏற்காத ஆய்வுகூடத்தில் மாணவர்கள் அழகான பட்டையைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள ஆய்வுகூடங்கள் எல்லாம் ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அடங்கும். உப்பில் தூண்டிய கலச்சாறு, தூண்டாத கலச்சாறு, பொஸ்பட்டேஸிட்ட சாறு என்ற மூன்றையும் ஓர் ஆய்வுகூடம் தாராளமாகத் தயாரித்து, கொதிக்கவைத்து, சிறு குழாய்களில் மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். எந்தக் குப்பி, எந்தத் தொகுதி எண், எந்தக் கலம், எந்த ஐதாக்கம், என்ன வந்தது என்று எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள், தோற்றவற்றையும் சேர்த்து எழுதுங்கள். 144,000 ரூபா கொடுத்து ஒருவர் தெரிந்துகொண்டதை மற்றவர் மறுபடி அதே விலை கொடுத்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆய்வேட்டில் குப்பியின் பட்டியல் எண்ணையும் தொகுதி எண்ணையும் உலகப் பதிவேட்டு அடையாள எண்ணையும் குறிப்பிடுங்கள். வெட்டிய படத்தைக் கட்டுரையில் போடுங்கள், வெட்டாத முழுச் சவ்வின் படத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். அடுத்த ஆய்வு மாநாட்டுக்கு உங்கள் சுவரொட்டியைக் கொண்டுபோகும்போது, பொஸ்பட்டேஸில் ஊறிய அந்த வெறும் பாதிச் சவ்வின் படத்தையும் பக்கத்தில் ஒட்டிக் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்